பெட்ரோல் காரின் மைலேஜைக் குறைந்த செலவில் கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் நம் ஊரில் அதிகம் ஓடும் 1 முதல் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த வேலைக்கும் கையைப் பையில் விடும் முன் முதல் நான்கு கேள்விகளைப் படித்துவிடுங்கள். மைலேஜுக்காக வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, அளந்து பார்க்காமல் செலவழித்த பணம்தான்.

என் கார் உண்மையில் எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டேங்க் நிரப்பி, மறுபடி டேங்க் நிரப்பி அளப்பதுதான் ஒரே நம்பகமான வழி. பங்கில் நாசில் தானாக முதல் தடவை ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்பச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள், குறைந்தது 300 கி.மீ. ஆகட்டும். பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி முதல் ‘டக்’ வரை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டர் 412.6 கி.மீ. காட்டுகிறது, பில்லில் 27.40 லிட்டர் என்று இருக்கிறது என்றால் 412.6-ஐ 27.40-ஆல் வகுக்க வேண்டும். மைலேஜ் 15.06.

ஒரு டேங்க் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாசில் நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர்கூட முன்பின்னாகலாம். மூன்று டேங்க் ஓட்டி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் அந்தப் பிழை அடங்கிவிடும். ரிசர்வ் விளக்கு எரிந்ததிலிருந்து மறுபடி எரியும்வரை கணக்கிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. டேங்க் மிதவை சாய்வான சாலையில் ஒரு மாதிரியும் சமதளத்தில் ஒரு மாதிரியும் காட்டும் என்பதால் அந்தக் கணக்கு தேறாது.

நாசில் நின்ற பிறகும் ‘ரவுண்டாகப் போட்டுவிடுகிறேன்’ என்று ஊழியர் தட்டித் தட்டி நிரப்பினால் தடுத்துவிடுங்கள். மேலே ஏறும் பெட்ரோல், ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும். அதன்பின் கார் ஸ்டார்ட் ஆகத் திணறும், மைலேஜும் குறையும். டப்பாவை மாற்றும் செலவு அந்த 40 ரூபாய் சில்லறையைவிடப் பல மடங்கு.

டேஷ்போர்டு திரை 17.5 காட்டுகிறது, கணக்குப் போட்டால் 16 வருகிறது. எதை நம்புவது?

கணக்கை. திரையில் வருவது, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து கணினி போடும் மதிப்பீடு. அது பெரும்பாலும் கூட்டியே காட்டும். ஆனாலும் திரை உதவாது என்றில்லை. இன்று ஓட்டிய விதத்துக்கும் நேற்று ஓட்டிய விதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உடனே காட்டிக்கொடுக்க அதுதான் வசதி.

கம்பெனி 22 என்று சொல்கிறது, எனக்கு 15தான் வருகிறது. காரில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. விளம்பரத்தில் வரும் எண், புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் உருளைகள்மேல் காரை நிறுத்தி, வகுத்த வேகத்தில், ஏசி போடாமல் ஓட்டி எடுத்தது. அங்கே உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ. எதிர்காற்று கிடையாது, வேகத்தடை கிடையாது, குறுக்கே வரும் ஆட்டோ கிடையாது. நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுபவருக்கு அந்த எண்ணில் 70 முதல் 80 சதவீதம் கிடைத்தால் கார் நன்றாகவே இருக்கிறது. நெரிசலுக்குள் மட்டுமே ஓடும் காருக்கு அதைவிடக் குறையும்.

கோளாறைக் கண்டுபிடிக்க உங்கள் காரின் பழைய கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். அதே வழி, அதே ஓட்டுநர், அதே சுமை இருந்தும் அடுத்தடுத்து இரண்டு டேங்கில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் ஏதோ பழுது இருக்கிறது.

மைலேஜ் கூட்ட எவ்வளவு வரை செலவழிக்கலாம்?

மாதம் 1,000 கி.மீ. ஓடும் கார், 15 மைலேஜில் 66.7 லிட்டர் குடிக்கும். அதாவது 6,670 ரூபாய். மைலேஜை 10 சதவீதம் கூட்டி 16.5 ஆக்கினால் 60.6 லிட்டர், 6,060 ரூபாய். மாதம் சுமார் 600, வருடம் 7,200 ரூபாய் மிச்சம். மாதம் 400 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு இதே 10 சதவீதம் வருடத்துக்கு 2,900 ரூபாய்தான்.

எந்தச் செலவையும் இந்தத் தராசில் போட்டுப் பாருங்கள். 2,000 ரூபாய்க்குக் காற்றடிக்கும் சிறு பம்ப் வாங்கி 2 சதவீதம் மீண்டால், மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு வருடம் 1,500 ரூபாய்க்குப் பக்கத்தில் மிச்சம், ஒன்றரை வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். மைலேஜுக்காக மட்டும் நான்கு நல்ல டயர்களைக் கழற்றிவிட்டுப் புது டயர் போட்டால், அந்த டயர் தேய்ந்து முடிவதற்குள் போட்ட காசு வராது.

சரி, முதலில் எதில் கை வைப்பது?

டயர் காற்றில். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும், இருவர் போகும்போதும் முழுச் சுமையிலும் எவ்வளவு பிஎஸ்ஐ என்று அதில் போட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதுவரை அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிப்பும் குறையும்.

ஸ்டிக்கரில் உள்ள எண் டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. இங்குதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 15 கி.மீ. ஓட்டிவிட்டு மதிய வெயிலில் பங்குக்குப் போனால், டயர் சூட்டில் அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். மீட்டரில் 33 தெரியும், ‘சரியாக இருக்கிறது’ என்று விட்டுவிடுவோம். மறுநாள் காலை அது 29-ல் நிற்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், வீட்டிலேயே அளப்பதுதான் முறை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் காற்று மீட்டர் இதற்குப் போதும். பல பங்குகளில் ஹோஸ் முனையில் இருக்கும் மீட்டர் கீழே விழுந்து விழுந்து தப்பாகக் காட்டுவதால், சொந்த மீட்டர் அவசியம்.

டயர், துளை இல்லாமலேயே மாதம் 1 முதல் 2 பிஎஸ்ஐ இழக்கும். நான்கு டயரிலும் சராசரியாக ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 8 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் ஒன்றரை சதவீதத்துக்கு மேல். தொகை சிறிதுதான், ஆனால் காற்றுக்குச் செலவில்லை. கூடவே டயரின் ஓரங்கள் தேய்வதும் நிற்கும். 15 நாளுக்கு ஒருமுறை பாருங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஒரே டயர் மட்டும் தொடர்ந்து இறங்கினால் பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி இல்லையென்றால் வால்வு கசியும், அல்லது ரிம் ஓரத்தில் துரு இருக்கும்.

நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடுமா?

கூடாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சுத்த நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் ஓட்டும் விதத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

வேறெதிலும் வராத அளவுக்கு வரும். ஒரே காரை இருவர் ஒரே சாலையில் ஓட்டி 12-ம் 16-ம் எடுப்பது சர்வசாதாரணம். முறுக்கி ஓட்டி, அழுத்திப் பிரேக் பிடிக்கும் பழக்கம் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜைத் தின்னும் என்கிறது அதே அமெரிக்கத் துறை.

காரணம் எளிது. பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகத்தைப் பிரேக் முழுக்கச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. எனவே பிரேக் பிடிக்கும் தடவைகளைக் குறைப்பதுதான் குறி. முன்னால் 200 மீட்டரில் சிக்னல் சிவப்பாக இருக்கிறது, எண் பலகை 25 வினாடி காட்டுகிறது என்றால், அங்கேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருண்டு போகட்டும். பச்சை விழும்போது கார் இன்னும் 15, 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தால், பூஜ்யத்திலிருந்து கிளப்பும் பெட்ரோல் மிச்சம். முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு, மூன்று வினாடி இடைவெளி விட்டால்தான் இது முடியும். அந்த இடைவெளியில் பைக் நுழையும், நுழையட்டும்.

கிளப்பும்போது ஊர்ந்து ஊர்ந்து வேகம் எடுப்பதிலும் லாபமில்லை. மிதமாக மிதித்து, 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் அடுத்த கியர் போட்டு, சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விட வேண்டும். பல கார்களில் கியர் மாற்றச் சொல்லும் அம்புக்குறி டேஷ்போர்டில் வரும், அதைப் பின்பற்றலாம். ஒரு எச்சரிக்கை: நான்காவது, ஐந்தாவது கியரில் 1,200 ஆர்பிஎம்முக்குக் கீழே போய், ஸ்டியரிங் அதிர, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து இழுக்க வேண்டாம். அங்கே பெட்ரோலும் மிச்சமாகாது, இன்ஜினுக்கும் கேடு. ஒரு கியர் குறையுங்கள்.

கிளட்ச் பெடல்மேல் காலை ஓய்வாக வைத்தே ஓட்டுவது இன்னொரு பரவலான பழக்கம். பெடல் லேசாக அழுந்தினாலே கிளட்ச் பிளேட் வழுக்கும், இன்ஜின் சுழலுவதில் ஒரு பங்கு சூடாகப் போகும். மேம்பால ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதில் பாதிக் கிளட்சில் காரை நிறுத்திவைப்பதும் இதே கணக்குதான். கிளட்ச் செட் மாற்ற ஆகும் தொகை, சில வருடப் பெட்ரோல் மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

சிக்னலில் இன்ஜினை அணைக்கலாமா? மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிகப் பெட்ரோல் ஆகாதா?

கார்புரேட்டர் காலத்தில் அந்தக் கவலைக்கு இடமிருந்தது. இன்ஜெக்ஷன் இன்ஜினைச் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், பத்து வினாடி சும்மா ஓடுவதற்கு ஆகும் அளவைத் தாண்டாது. 1.2 லிட்டர் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். மணிக்கு 0.7 லிட்டர் என்று வைத்தால், தினம் இரண்டு நிமிடச் சிக்னல் பத்தில் அணைப்பவருக்கு மாதம் 25 நாளில் ஐந்தே முக்கால் லிட்டர் மிச்சம்.

எண் பலகை 30 வினாடிக்கு மேல் காட்டினால் அணையுங்கள். கார் முழுக்க நின்ற பிறகு மட்டும் அணைக்க வேண்டும். உருளும் காரில் அணைத்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும், இரண்டு, மூன்று மிதிக்குப் பின் பிரேக்கும் கல்லாக இறுகிவிடும். பேட்டரி வயதாகி, காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும் காரில் இந்தப் பழக்கம் வேண்டாம். தானாக அணைந்து ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள காரில் அது கொஞ்ச நாளாக வேலை செய்யவில்லை என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

ஆகாது, உயிருக்கும் ஆபத்து. கியரில் இருக்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து முழுக்க எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அப்போது கணினி இன்ஜெக்டரை மூடிவிடும், பெட்ரோல் செலவு பூஜ்யம். ஆர்பிஎம் 1,200, 1,500 அளவுக்கு இறங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் தன்னைத்தானே அணையாமல் காத்துக்கொள்ளப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஊட்டி கல்லட்டிப் பாதையிலோ நியூட்ரலில் இறங்குபவர், காரின் முழு எடையையும் பிரேக்கிலேயே தாங்குகிறார். பிரேக் பேட் கொதித்து, பிரேக் ஆயில் ஆவியாகி, பெடல் தரைவரை போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இரண்டாவதோ முதலாவதோ.

நெடுஞ்சாலையில் எந்த வேகம் நல்லது?

பெரும்பாலான சிறு கார்களுக்கு உச்ச கியரில் 60 முதல் 80 வரை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அது 1.56 மடங்கு. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. 80-ல் 20 மைலேஜ் கொடுக்கும் கார் 100-ல் 17 கொடுத்தால், 16.5 லிட்டருக்குப் பதில் 19.4 லிட்டர் ஆகும். கிட்டத்தட்ட 290 ரூபாய் வித்தியாசம். தாளில் 50 நிமிடம் மிச்சம் என்று வரும். டோல், டீ, ஊர்களுக்குள் மெதுவாகும் இடங்கள் எல்லாம் சேரும்போது கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்தால்?

நகரத்துக்குள் 50 கி.மீ. வேகம்வரை ஜன்னல் லாபம், நெடுஞ்சாலையில் ஜன்னலை மூடி ஏசி போடுவது மேல். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் ஓட்டச் சொல்வது நியாயமில்லை, அயர்ச்சியில் வரும் விபத்துக்குப் பெட்ரோல் கணக்கு ஈடாகாது. ஏசியின் வேலையைக் குறைப்பதுதான் வழி. நிழலில் நிறுத்துங்கள், முன்கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது நான்கு ஜன்னலையும் இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டினால் உள்ளே அடைந்த அனல் வெளியேறும். பிறகு மூடி, உட்காற்றே சுழலும்படி வையுங்கள். கேபின் ஃபில்டரை வருடம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கை எட்டும், மெக்கானிக் தேவையில்லை.

மைலேஜ் திடீரென்று விழுந்துவிட்டது. எந்த வரிசையில் பார்ப்பது?

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டயர் காற்று சரியென்றால் அடுத்தது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது. இது நம் ஊரில், மழைக்காலம் முடிந்ததும், அடிக்கடி வரும் கோளாறு.

பத்து கி.மீ. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து நிறுத்துங்கள். ரிம்மைத் தொடாமல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். மூன்று வெதுவெதுப்பாகவும் ஒன்று அனலாகவும் இருந்தால் அந்தச் சக்கரத்தில்தான் கோளாறு. கருகிய வாடையும் வரும், கார் அந்தப் பக்கமே இழுக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். முன் டிஸ்க்கில் லேசான உரசல் சத்தம் இயல்பு. ஆனால் தள்ளியதும் சுற்றாமல் உடனே நின்றால், பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் காலிப்பர் நகர உதவும் இரண்டு பின்களின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், துரு ஏறியிருக்கும். பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் பூசி, புது ரப்பர் போட்டால் போதும். சாதாரண வீல் கிரீஸைப் பூச விடாதீர்கள், அது ரப்பரை ஊறவைத்து மறுபடி இறுக்கிவிடும். பின்சக்கரம் சூடானால் ஹேண்ட்பிரேக் கேபிள் அதிகம் முறுக்கப்பட்டிருக்கலாம். லீவரைத் தூக்கினால் ஐந்து முதல் ஏழு ‘கிளிக்’ வருவது பல கார்களில் சரியான அளவு. இரண்டிலேயே நின்றால் இறுக்கம்.

சக்கரங்கள் நன்றாக உருள்கின்றன என்றால் இன்ஜினுக்கு வரலாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், காரின் கணினியைப் படித்துக்காட்டும் புளூடூத் ஓபிடி ரீடர் ஒன்று, போனில் ஒரு ஆப். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகி மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, குளிர்நீர் வெப்பநிலை. நன்றாகச் சூடான இன்ஜின் பெரும்பாலும் 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது 70-க்கு இறங்கினால், குளிர்நீரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். ‘நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்’ என்று கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. புதிதாக மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நீண்டகால எரிபொருள் திருத்தம். கணினி, கலவையைச் சரிக்கட்ட எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது இதில் சதவீதமாக வரும். கூட்டல் 10-க்கும் கழித்தல் 10-க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. கூட்டல் 15, 20 என்று நின்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, அல்லது பெட்ரோல் அழுத்தம் போதவில்லை. கழித்தல் பக்கம் போனால் இன்ஜெக்டர் கசிவையோ கரி டப்பா வால்வையோ சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, பதிவான பழுதுக் குறியீடுகள். ஆக்சிஜன் சென்சார் ஒன்று கெட்டாலே மைலேஜ் கடுமையாக விழும். இன்ஜின் விளக்கு எரியும் காரை ‘ஓடத்தானே செய்கிறது’ என்று மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அதிகமாக எரியும் பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கெடுக்கும், அதன் விலை சென்சாரைப்போலப் பல மடங்கு.

ஸ்பார்க் பிளக்கும் இந்த வரிசையில் வரும். சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கி.மீ. வரை, இரிடியம் சுமார் ஒரு லட்சம் வரை. உங்கள் கையேடு சொல்லும் கெடுவையே பின்பற்றுங்கள்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

இன்ஜெக்ஷன் காரில் கூடாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதித்தது. அடைத்த ஃபில்டரால் இழுவை குறைந்தது, மைலேஜ் குறையவில்லை. உள்ளே வரும் காற்றை அளந்தே கணினி பெட்ரோல் விடுவதால் அப்படி. ஆனால் இழுவை குறைந்தால் நாம் அதிகம் மிதிப்போம், தூசியும் இன்ஜினுக்கு ஆகாது. ஆகவே கெடு வந்ததும் மாற்றுங்கள், மைலேஜை எதிர்பார்த்து முன்கூட்டியே வாங்க வேண்டாம்.

இன்ஜின் ஆயிலைத் தடிமனாகப் போடலாமா? வண்டி பழசு.

கையேட்டில் ஆயிலின் தடிமன் கிரேடு 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதையே போடுங்கள். ‘வெயிலுக்கு 20டபிள்யூ-40 தான் தாங்கும்’ என்று ஊற்றினால், ஆயிலைத் தள்ளவே இன்ஜின் கூடுதலாக உழைக்கும், ஒன்றிரண்டு சதவீதம் போகும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலேறவும் தாமதமாகும். ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினுக்கு மட்டும், கையேடு அனுமதிக்கும் கிரேடுகளுக்குள் ஒரு படி தடிமன் பார்க்கலாம்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா?

குறையத்தான் செய்யும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கில் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில், 10 சதவீதம் கலந்ததைவிட மூன்றரை சதவீதம் ஆற்றல் குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் இ20-க்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும், எத்தனாலுக்கென வடிவமைக்காமல் இ10-க்கு மட்டும் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும் குறையலாம் என்று சொன்னது.

ஆகவே 15 கொடுத்த கார் 14-ஆக இறங்கினால் எரிபொருளைக் காரணம் சொல்லலாம். 12-க்கு இறங்கினால் அது எத்தனாலின் வேலை இல்லை, மேலே சொன்ன வரிசையில் தேடுங்கள். பழைய காரில் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று சர்வீஸ்தோறும் பார்ப்பது பாதுகாப்புக்கும் அவசியம். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் காரில் இந்த எரிபொருள் ஈரத்தை இழுக்கும், வாரம் ஒருமுறையாவது ஓட்டிவிடுங்கள்.

பிரீமியம் பெட்ரோல் போட்டால் கட்டுப்படியாகுமா?

லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்றால், மைலேஜ் 7 சதவீதம் கூடினால்தான் கையைக் கடிக்காது. சாதாரணப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்த இன்ஜினில் அவ்வளவு கூடாது. ஆக்டேன் என்பது முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறன், ஆற்றலின் அளவு அல்ல. கையேட்டில் உயர் ஆக்டேன் கேட்டிருந்தால் மட்டும் போடுங்கள்.

காந்தம், ஓபிடி ‘எகோ’ சிப், ஹைட்ரஜன் கிட், டீகார்பனைசிங்?

வாங்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவது ஒன்றுமில்லை என்றது. 300, 500 ரூபாய்க்கு விற்கும் பல ‘எகோ’ சிப்புகளின் உள்ளே மின்னும் எல்இடியைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது.

சர்வீஸின்போது சேர்த்துவிடும் இன்ஜின் சுத்திகரிப்புப் பேக்கேஜ்களுக்கும் அறிகுறி இருந்தால் மட்டும் தலையாட்டுங்கள். நின்ற இடத்தில் ஓடும்போது இன்ஜின் வேகம் ஏறி இறங்கினால், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யலாம். அது சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

அகலமான டயரும் அலாய் வீலும் மாற்றினேன், மைலேஜ் குறைந்துவிட்டது. ஏன்?

இரண்டு காரணம் கலந்திருக்கும். அகலமும் எடையும் கூடியதால் உண்மையிலேயே குறைந்தது ஒரு பங்கு. டயர் உயரம் கூடியதால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு பங்கு. 155/80 ஆர்13 டயரின் விட்டம் 578 மி.மீ. அதற்குப் பதில் 165/80 ஆர்13 போட்டால் 594 மி.மீ. சக்கரம் சுற்றும் எண்ணிக்கை குறைவதால், 100 கி.மீ. போனாலும் மீட்டர் 97.3 தான் காட்டும். கணக்கில் 2.7 சதவீதம் சும்மாவே போய்விடும். வேகமும் குறைவாகத் தெரியும், அபராதச் சீட்டு வரலாம்.

மேலே கேரியர், டிக்கியில் சாமான்?

45 கிலோ கூடுதல் எடைக்குச் சிறு காரில் ஒரு சதவீதம் அல்லது சற்றுக் கூடுதலாகப் போகும். கேரியர்மேல் பெட்டி கட்டினால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை போகும். குலதெய்வம் கோவிலுக்குப் போய்வந்ததும் கேரியரைக் கழற்றி வையுங்கள். நான்கு போல்ட், பத்து நிமிடம்.

அதிகாலையில் நிரப்பினால் அதிகப் பெட்ரோல் கிடைக்குமா? 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாதா?

பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறாது. ஒற்றைப்படைத் தொகை கேட்பதாலும் பயனில்லை. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் அளந்துகாட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, எல்லாப் பங்கிலும் அது இருக்க வேண்டும். 25 மில்லி வரை முன்பின்னாவது அனுமதிக்கப்பட்ட பிழை. அதைத் தாண்டினால் சட்டமுறை எடையளவுத் துறையில் புகார் கொடுக்கலாம்.

சிஎன்ஜி கிட் போட்டுவிட்டால் எல்லாம் தீருமா?

ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. பெட்ரோலில் 15 மைலேஜ் என்றால் கி.மீ.க்கு 6.67 ரூபாய். கிலோ 90 ரூபாய்க்குக் கிடைத்து, கிலோவுக்கு 21 கி.மீ. போனால் 4.29 ரூபாய். மிச்சம் 2.38. கிட்டுக்கு 60,000 ரூபாய் ஆனால் 25,200 கி.மீ. ஓடிய பிறகுதான் முதல் திரும்பும். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் இரண்டு வருடம், 400 என்றால் ஐந்து வருடத்துக்கு மேல். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

பணத்தைத் தவிர: டிக்கி போய்விடும், ஏற்றத்தில் இழுவை குறையும், பின் ஸ்பிரிங் தாழும். சிலிண்டரை 3 வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். உங்கள் காரின் மாடலுக்கே அனுமதி பெற்ற கிட்தானா என்று சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்குள் இருக்கும் காரில் வெளியே கிட் போட்டால் இன்ஜின் வாரண்டி போகும். கடைசியாக, தினமும் போகும் வழியில் சிஎன்ஜி நிலையம் இருக்கிறதா, அங்கே மாலையில் எவ்வளவு நேரம் வரிசை நிற்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.